இதயச் செயலிழப்பும் கிளினிக்கும்: கொழும்பு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே சொல்லும் மருந்தளவுகள் விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே. உங்கள் அளவு உங்கள் கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான்.

வாட்டில் தந்த டயக்னோசிஸ் காட்டில் 'இதயச் செயலிழப்பு' என்று போட்டிருக்கிறார்கள். இதயம் நிற்கப் போகிறதா?

இல்லை. பெயர்தான் பயமுறுத்துகிறது. உடம்புக்குத் தேவையான இரத்தத்தைத் தள்ள இதயத்துக்கு வலு போதவில்லை, அல்லது இதயத்தசை விறைத்துப்போய் இரத்தத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருள். வரும் இரத்தம் குறைந்தவுடன் சிறுநீரகம் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும். காலில் தேங்கினால் கணுக்கால் வீங்கும். குடலிலும் ஈரலிலும் தேங்கினால் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது.

இதை நெஞ்சுச்சளி என்றும் வாய்வு என்றும் நினைத்து மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் பலர். படுத்தால் இருமுவது, எழுந்திருந்தால் குறைவது, தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகக் கூடுவது, நடுச்சாமத்தில் மூச்சுமுட்டி எழும்பி யன்னலடியில் போய் இருப்பது எல்லாம் சளியின் குணமல்ல. அப்படியிருந்தால் ஈசீஜீயும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

எக்கோவில் ஈஎஃப் 30 வீதம். இதயத்தில் 70 வீதம் போய்விட்டதா?

ஈஎஃப் என்பது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதம். நல்ல இதயமும் 100 வீதம் தள்ளுவதில்லை. நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 55 முதல் 70 வீதம்வரை வெளியே போகும், மிச்சம் உள்ளேயே இருக்கும். அதனால் 30 என்பது ஏறத்தாழ பாதி வலு. 40-உம் அதற்குக் கீழும் 'குறைந்த ஈஎஃப்', 41 முதல் 49 வரை இடைநிலை, 50-உம் அதற்கு மேலும் என்றால் தள்ளும் அளவு சரி, விறைப்புத்தான் பிரச்சினை. முதல் வகைக்குத்தான் மருந்துகள் அதிகம். மருந்து சரியான அளவில் போனால் பலருக்கு இந்த எண் ஏறுகிறது. எண் ஒன்றை வைத்து ஆயுளைக் கணிக்க வேண்டாம்.

பக்கத்து டொக்டரிடம் அதே குளிசைகளை வாங்கலாமே, தனிக் கிளினிக் எதற்கு?

கிளினிக்கை மாதக் குளிசை எடுக்கும் இடமாக நினைப்பதுதான் பெரிய இழப்பு. அங்கே நடக்க வேண்டிய வேலை வேறு: சின்ன அளவில் தொடங்கிய மருந்தை இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து முழு அளவுக்கு ஏற்றுவது. பிசோபுரோலோல் 1.25 மில்லிகிராமில் தொடங்கி, உடம்பு தாங்கினால் 10 வரை போக வேண்டிய மருந்து. எனலாபிரில் 2.5 காலை மாலை என்று தொடங்கி 10 அல்லது 20 காலை மாலை வரை போக வேண்டியது. வாட்டில் எழுதிக்கொடுத்த அதே 1.25-ஐயும் 2.5-ஐயும் இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதி வாங்குபவர் மருந்து எடுக்கிறார், ஆனால் மருந்தின் பலனில் பெரும்பகுதி அவருக்குக் கிடைப்பதில்லை.

வேகமும் முக்கியம். 2022-இல் வெளியான ஸ்ட்ரோங்-எச்எஃப் ஆய்வு 14 நாடுகளில் 1,078 பேரைப் பார்த்தது. ஒரு பகுதியினருக்கு வீடு திரும்பிய இரண்டு கிழமைக்குள் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி, இரண்டு மாதத்துக்கு நெருக்கமாகப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் இறப்பு அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி வாட்டுக்குப் போவது முதல் பகுதியில் 15.2 வீதம், இரண்டாவதில் 23.3 வீதம். வீடு வந்தபின் முதல் சில கிழமைகள்தான் மிக ஆபத்தானவை. 'உடம்பு தேறட்டும், பிறகு போவோம்' என்று அந்த நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

கொழும்பில் எங்கே, எதைக் கொண்டுபோக வேண்டும்?

கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்தவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவிலையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையும், வத்தளைப் பக்கத்தவருக்கு ராகமையும் கிட்ட. துண்டு வெட்டும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: இதய கிளினிக் எந்த நாள், இதயச் செயலிழப்புக்கென்று தனி நாள் இருக்கிறதா, முதல் திகதியை இரண்டு கிழமைக்குள் தர முடியுமா.

டயக்னோசிஸ் காட், எக்கோ அறிக்கை, கடைசி இரத்த அறிக்கைகள், வீட்டில் எழுதிய எடைக் கணக்கு, எடுக்கும் எல்லாக் குளிசைகளும் அவற்றின் அட்டையோடு. எல்லாம் என்றால் எல்லாம்தான்: முழங்கால் வலிக்கு வாங்கியது, கண்ணில் விடும் துளி, கஷாயம். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பையைக் கொட்டிக் காட்டினால் போதும்.

கிளினிக் நாளில் காலைக் குளிசைகளை வழக்கம்போல் போடுங்கள் (தண்ணிக் குளிசையின் நேரத்தை மட்டும் கீழே சொல்வதுபோல் மாற்றலாம்). போடாமல் போனால் அங்கே அளக்கும் பிரஷர் மருந்தில்லாத பிரஷர், அதைப் பார்த்து எடுக்கும் முடிவும் பிழைக்கும். வெறும்வயிற்று இரத்தப் பரிசோதனை என்றாலும் கொஞ்சம் தண்ணீரோடு இதயக் குளிசைகளைப் போடலாம். சீனி வருத்தத்துக்கான மருந்தையும் ஊசியையும் மட்டும் சாப்பிடும்வரை வைத்திருங்கள்.

தண்ணிக் குளிசை போட்டால் பஸ்ஸில் எப்படி இருப்பது?

கேட்க வெட்கப்பட்டு, சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணிக் குளிசை என்பது தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் புரூசமைட். அதைப் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கும், ஆறு மணித்தியாலம்போல் நிற்கும். வெளியே போகும் நாளில் அதை விடத் தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும். திரும்பி வந்து பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ போடுங்கள். நாலு மணிக்குப் பிறகு போட்டால் இரவு நித்திரை போய்விடும், இருட்டில் எழும்பி விழுவதும் அதனால்தான். 'கிளினிக் நாள், கோயில் நாள், கல்யாண வீடு' என்று கிழமைக்கு இரண்டு நாள் விட்டால் வீக்கம் திரும்பி வரும்.

நாலு வகைக் குளிசை ஏன்? ஒன்றைக் குறைக்க முடியாதா?

குறைந்த ஈஎஃப் உள்ளவருக்கு நாலும் நாலு வேலை செய்கின்றன. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

முதல் வகை எனலாபிரில், லொசார்ட்டன் போன்றவை. இரத்தக் குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும். எனலாபிரிலில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். இருமல் பாணி குடித்துச் சமாளிக்காமல் சொல்லுங்கள், லொசார்ட்டனுக்கு மாற்றுவார்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அது வேறு விஷயம்: உடனே நிறுத்தி வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இதே இடத்தில் புதிதாகத் தரும் சகுபிட்ரில்–வல்சார்ட்டனுக்கு மாறும்போது கடைசி எனலாபிரிலுக்கும் முதல் புதுக் குளிசைக்கும் இடையில் 36 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். வீட்டில் மிஞ்சிய பழைய எனலாபிரிலை முடித்துவிடுவோம் என்று சேர்த்துப் போடுவது உயிராபத்து.

இரண்டாவது பிசோபுரோலோல், கார்விடிலோல் போன்றவை. துடிப்பைத் தணித்து இதயத்தசைக்கு ஓய்வு கொடுக்கும். அளவு ஏற்றிய முதல் இரண்டு கிழமை களைப்புக் கூடலாம், பெரும்பாலும் அது தணியும். நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனால் சொல்லுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது ஸ்பைரோனோலக்டோன், வழக்கமாக 25 மில்லிகிராம். ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி நோகும். வெட்கத்தில் சொல்லாமல் குளிசையை நிறுத்துகிறார்கள். எப்ளெரெனோன் என்ற மாற்று இருக்கிறது, கேளுங்கள்.

நாலாவது டபாகிளிப்ளோசின் அல்லது எம்பாகிளிப்ளோசின், 10 மில்லிகிராம். சீனிக் குளிசையாக வந்தது. 'எனக்குச் சீனி இல்லையே, பிழையாகத் தந்துவிட்டார்கள்' என்று ஒதுக்கி வைக்கிறார்கள். பிழையில்லை. சீனி இல்லாதவருக்கும் இதயத்துக்காகக் கொடுக்கிறார்கள், ஈஎஃப் 50-க்கு மேல் உள்ளவருக்கும் பலன் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போவதால் மறைவிடத்தில் பூஞ்சணச் சொறி வரலாம். ஒவ்வொரு முறையும் கழுவி ஈரம் ஒற்றிவிட்டால் பெரும்பாலும் தடுக்கலாம்.

புரூசமைட் இந்த நாலிலும் சேராது. அது தேங்கிய நீரை வெளியேற்றி மூச்சைச் சுலபமாக்கும். வீக்கம் போனபின் வைத்தியர் குறைக்கக்கூடியதும் அதைத்தான்.

பிரஷர் 95/60. இன்னும் அளவை ஏற்றச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

எண்ணை விட ஆள்தான் கணக்கு. 95 இருந்தும் தலைசுற்றாமல் நடந்து திரிகிறார் என்றால் அது அவருடைய மருந்து தாங்கும் பிரஷர். எழும்பும்போது கண் இருட்டுகிறது, விழப் பார்க்கிறார் என்றால் சொல்ல வேண்டும். அப்போதும் வைத்தியர் முதலில் பார்ப்பது தண்ணிக் குளிசை கூடிவிட்டதா, எல்லாக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்குகிறாரா என்பதைத்தான். காலையும் இரவும் என்று பிரித்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

ஏன் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள்?

எனலாபிரில் வகையும் ஸ்பைரோனோலக்டோனும் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். தொடங்கியோ ஏற்றியோ ஒன்றிரண்டு கிழமையில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலக்டோனைப் பாதியாக்குவார்கள், 6-ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். உடம்பில் அறிகுறி காட்டாமலே இது ஏறும், இதயத்துடிப்பையே குழப்பும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். அதைப் பார்த்து 'சிறுநீரகம் பழுதாகுது' என்று வீட்டில் குளிசையை நிறுத்த வேண்டாம்.

எடை பார்ப்பது எப்படி? அவ்வளவு முக்கியமா?

கிளினிக் மாதத்தில் ஒரு நாள், மற்ற 29 நாளும் உங்களைப் பார்ப்பது தராசுதான். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரியுமுன்னே தராசு காட்டிவிடும்.

டிஜிட்டல் தராசை ஓட்டுத் தரையிலோ சீமெந்திலோ வையுங்கள், பாயிலும் கார்ப்பெட்டிலும் பிழை காட்டும். காலையில் எழும்பி, சலம் போய், தேத்தண்ணிக்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு ஏறுங்கள். கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். வீக்கம் முழுதும் வடிந்து மூச்சு நன்றாக இருக்கும் நாளின் எடையை 'உலர் எடை' என்பார்கள். அது எத்தனை என்று கிளினிக்கில் கேட்டு, புத்தகத்தின் முன் அட்டையில் எழுதுவியுங்கள்.

மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். சிலருக்கு 'இவ்வளவு ஏறினால் புரூசமைட் இத்தனை கூடுதலாக, இத்தனை நாள்' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைச் செய்யுங்கள். எழுதியில்லாவிட்டால் நீங்களாகக் கூட்டாமல் போய்க் காட்டுங்கள். ஒன்று கவனம்: பசியில்லாமல் சதை கரைபவருக்கு எடை மாறாமலே நீர் சேரலாம். எடை சரி, ஆனால் சாரம் இடுப்பில் இறுகுகிறது, தலையணை கூடிவிட்டது என்றால் தராசை நம்ப வேண்டாம். எடை உலர் எடைக்குக் கீழே இறங்கி, வாய் காய்ந்து, தலை சுற்றினால் தண்ணிக் குளிசை கூடிவிட்டது என்று பொருள்.

உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

உப்பில்லாமல் அல்ல, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் போகாமல். ஒரு தேக்கரண்டி தட்டி அளந்தது ஏறத்தாழ அவ்வளவு. அதில் பாதியைப் பாணுக்கும் பைக்கற்றுச் சாமான்களுக்கும் விட்டுவைத்தால், அடுப்படிக்கு மிஞ்சுவது அரைத் தேக்கரண்டி. இதை வீட்டில் அளக்க ஒரு வழி: நாலு பேர் உள்ள வீட்டில் 400 கிராம் உப்புப் பைக்கற் 40 நாள் வர வேண்டும். பைக்கற்றைத் திறந்த திகதியை அதில் எழுதுங்கள். இருபது நாளில் முடிந்தால் ஆளுக்கு 5 கிராம் அடுப்படியிலேயே போகிறது.

கையால் போடும் உப்பை விட மறைந்து வருவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி, நூடில்ஸ் தூள், மார்மைட், டின்மீன், கடைக் கொத்து. கருவாட்டை ஊறப்போட்டுக் கழுவினாலும் உப்பு முழுதும் போகாது. கல்யாண வீட்டுக்கோ திருவிழாவுக்கோ போய்வந்த மறுநாள் தராசு ஏறுவது இதனால்தான். தேசிக்காய், பழப்புளி, மிளகு, சீரகம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, தாராளமாகப் போடுங்கள். உப்புக் குறைந்த நாக்கு சில கிழமைகளில் பழகிவிடும். கடையில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பு வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம்.

குடிக்கும் குளிசைகளிலும் உப்பு இருக்கிறது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிட்டமோல் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் உண்டு. வாய்வுக்குக் குடிக்கும் ஈனோவும் சோடியம்தான். சாதாரண பரசிட்டமோல் குளிசை பரவாயில்லை.

தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமா? தம்பிலி குடிக்கலாமா?

எல்லோருக்கும் அளவுக்கட்டு இல்லை. நிலை சீராக உள்ளவர் தாகத்துக்குக் குடிக்கலாம். வீக்கம் கடுமையாக உள்ளவருக்கும் இரத்தத்தில் சோடியம் குறைந்தவருக்கும் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் என்று சொல்வார்கள். சொன்னால் தேத்தண்ணி, சொதி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

ஒரு தம்பிலியில் வாழைப்பழம் ஒன்றை விடக் கூடுதலான பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவர், சிறுநீரகம் பலவீனமானவர் தினமும் குடிப்பது நல்லதல்ல, எப்போதாவது என்றாலும் கடைசிப் பொட்டாசிய அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். காமரங்கா, பிலிங் சாறு சிறுநீரகத்தையே கெடுக்கும், அது வேண்டவே வேண்டாம்.

முழங்கால் வலிக்கு என்ன போடுவது?

டைகுளோபெனக், ஐபுபுரோபென் வகை வேண்டாம். அவை நீரைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தை இறுக்கும், தண்ணிக் குளிசையின் வேலையைக் கெடுக்கும். நன்றாக இருந்தவர் திடீரென்று வாட்டுக்குப் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று. பாமசியில் 'வலிக்கு ஏதாவது' என்று கேட்காமல் 'எனக்கு இதயச் செயலிழப்பு' என்று முதலில் சொல்லுங்கள். நாட்டு மருந்தில் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தைத் தாறுமாறாக இறக்கும்.

வாந்தி பேதி, விரதம்: அப்போது குளிசைகளை என்ன செய்வது?

வாந்தியோ பேதியோ வந்து சாப்பாடு இறங்காத நாளில் டபாகிளிப்ளோசின் வகையை நிறுத்துங்கள். உடம்பில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. புரூசமைட், ஸ்பைரோனோலக்டோன், எனலாபிரில் வகையையும் அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டி வரலாம். அன்றே கிளினிக்கிலோ கிட்டிய வைத்தியரிடமோ கேளுங்கள், ஜீவனி எவ்வளவு குடிப்பது என்பதையும் சேர்த்து. நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்க மறக்கக்கூடாது. நிறுத்தியது அப்படியே நின்றுபோவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கந்தசஷ்டியோ நோன்போ பிடிக்க விரும்பினால் ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். சீராக உள்ளவர் சிலருக்கு நேரத்தை மாற்றித் தரலாம். அண்மையில் வாட்டில் இருந்தவர் பிடிக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் ஒரு மருந்து இல்லை, வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள்.

அந்தத் துண்டை அன்றே ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ கொண்டுபோய் வாங்குங்கள். விலை கட்டாவிட்டால் வாங்காமல் விட்டுவிட்டு மறைக்க வேண்டாம், சொன்னால் இலவசமாக இருக்கும் மாற்று மருந்தைப் பார்ப்பார்கள். கம்பனி மாறினால் குளிசையின் நிறமும் உருவமும் மாறும். பழையதும் புதியதும் ஒரே மருந்தா என்று பெயரைப் பார்த்து உறுதிசெய்யாவிட்டால் ஒரே மருந்தை இரண்டாகப் போட நேரும்.

உறையில் ஆங்கில எழுத்தில் லத்தீன் சொல்லாகவோ சுருக்கமாகவோ எழுதித் தருவார்கள். 'மானே' காலையில் மட்டும், 'நொக்டே' இரவில் மட்டும், 'பி.டி.' காலையும் இரவும். வீட்டுக்கு வந்தவுடன் உறையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள், வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் சந்திரனும் கீறினால் போதும்.

நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. நடக்கலாமா, படியேறலாமா?

படுத்தே இருப்பது தசையைக் கரைத்து மூச்சு வாங்குவதைக் கூட்டும். நிலை சீரானபின் நடக்க வேண்டும். சமதரையில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, அரை மணித்தியாலம்வரை கொண்டுபோங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. காலிமுகத்திடலோ கடற்கரையோ காலை ஏழு மணிக்கு முன் நல்லது. மத்தியான வெயிலும் புழுக்கமும் பிரஷரைக் கீழே தள்ளும். மாடிக்கு ஒவ்வொரு தட்டிலும் ஒரு நிமிடம் நின்று ஏறுங்கள், சாமான் பையைக் கயிற்றில் இழுப்பது வெட்கமில்லை. நேற்று நிற்காமல் ஏறிய படியை இன்று நின்று ஏறுகிறீர்கள் என்றால், அதையும் எடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஈஎஃப் 30-இலிருந்து 50 ஆகிவிட்டது. குளிசைகளை விடலாமா?

வேண்டாம். 2018-இல் வந்த ட்ரெட்-எச்எஃப் ஆய்வில், இதயம் விரிந்து பின்பு முழுதாகத் தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 44 வீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. தேறியது மருந்தின் தாங்கலில்தான்.

வேறு என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இரும்புச்சத்து: பெரிட்டின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். இதயச் செயலிழப்பில் இரும்புக் குளிசை பெரிதாக உதவுவதில்லை, குறைவாக இருந்தால் நாளத்தில் ஏற்றுவது பலன் தரும். வருடம் ஒரு தரம் இன்புளுவென்சா தடுப்பூசி. மூன்று மாதம் முழு மருந்து எடுத்தும் ஈஎஃப் 35-க்கு மேல் வராவிட்டால், துடிப்பு குழம்பினால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியோ விசேட பேஸ்மேக்கரோ பொருந்துமா என்று நீங்களே கேளுங்கள். மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி வரும், 'வயசு' என்று தள்ளாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டிய ஒன்று அது.

இரவில் திடீரென்று மூச்சுத்திணறினால்?

படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து இருத்தி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். யன்னலைத் திறவுங்கள். தண்ணீரோ தேத்தண்ணியோ கொடுக்க வேண்டாம். 1990-ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நுரைத்த இளஞ்சிவப்புச் சளி, நெஞ்சுவலி, மயக்கம், நீலம் பாரித்த உதடு, இவற்றில் ஏதாவது இருந்தால் அழைக்கும்போதே சொல்லுங்கள். வீட்டு இலக்கம், ஒழுங்கை, எத்தனையாம் மாடி, லிஃப்ட் உண்டா என்பதையும் சொல்லி, ஒருவரைக் கீழே கேற்றடியில் நிற்க விடுங்கள். கிளினிக் புத்தகமும் குளிசைப் பையும் எடைக் கலண்டரும் ஆளோடு சேர்ந்து போக வேண்டும்.